இருநூற்றுப் பதினான்காம் சேனலின் இரண்டு பார்வையாளர்கள்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பத்திலிருந்து பிறந்தது. விண்ணப்பத்தையும் நான்தான் எழுதினேன், அது பலிக்கவில்லை. கதையாவது பலிக்கிறதா பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"தொலைக்காட்சி என்பது தனித்துவிடப்பட்ட மனிதனின் கடைசி—"

அடித்துவிட்டேன். அத்தான் படித்தால் சிரிப்பார். அவர் தொலைக்காட்சி பார்ப்பது தனிமையால் அல்ல, பிடித்திருப்பதால். [இந்தக் காரணத்தை மட்டும் எழுதுகிறவர்கள் ஏனோ நம்புவதே இல்லை. நானும் நம்பாமல்தான் இருந்தேன்.]

அடுத்த தொடக்கம்: "அத்தான் நாற்காலியில் சாய்ந்தபோது வெளியே மழை—"

வெளியே மழை இல்லை. மழை பெய்தது தொடரில். அதற்கு வருகிறேன்.

2

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பல் செய்வது அவர் தொழில். பல் மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் நோயாளியின் வாயில் எடுத்தனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு மெழுகு வார்த்து, பல் அடுக்கி, தேய்த்து, மெருகேற்றிக் கட்டுப்பல்லாகத் திருப்பி அனுப்புபவர். அவருடைய அறைக்கு நோயாளிகள் வருவதில்லை, அச்சுகள்தான் வரும். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால் மெல்லுகிறார்கள். ஒருவருக்கும் அவரைத் தெரியாது.

அதனால் திரையில் யார் வாயைத் திறந்தாலும் அவர் கண் முதலில் பல்லுக்குத்தான் போகும். "இந்த ராஜா பத்து வருஷமா பாதாளச் சிறையில இருக்காராம். மேல்வரிசை நாலும் போன மாசம் போட்டது, பளபளன்னு இருக்கு" என்பார்.

வேலை முடிந்து வந்தால் அவருக்கு வீட்டில் தொலைக்காட்சி. தியேட்டருக்குப் போக மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"தியேட்டர்ல நாம அவங்க வீட்டுக்குப் போறோம் மாப்ளே. இங்க அவங்க நம்ம வீட்டுக்கு வர்றாங்க. வந்தவங்களுக்கு முகம் கொடுத்து ஒழுங்கா உக்கார வேண்டாமா?"

ஒழுங்காகத்தான் உட்காருவார். திரையிலிருந்து ஏழு அடியில் நாற்காலி. சன்னலில் தடித்த திரைச்சீலை. கைபேசி மேசை இழுப்பறைக்குள். நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடும்போதும் எழுந்திருக்க மாட்டார். "விளக்குப் பிடிச்சவன் பேரைப் படிக்காம எழுந்திரிச்சா அது மரியாதையா?"

கேபிளில் முந்நூறு சேனல் வந்தாலும் அவருக்கு வேண்டியது ஒன்று, தனியாகக் கேட்டு வாங்கியது: இருநூற்றுப் பதினான்கு. அதில் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு தொடர். மலை உச்சியில் ஒரு வானிலை நிலையம். அங்கே ஒரு பெரிய அதிகாரி, ஓர் உதவியாளர், புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண். காற்றை அளப்பார்கள், மழையை அளப்பார்கள், நோட்டில் எழுதுவார்கள். இரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது.

"மூணு பேர் மழை வருமான்னு பாக்கறாங்க. இவர் அவங்களைப் பாக்கறார். நான் இவரைப் பாக்கறேன்" என்பாள் அக்கா.

ஆனால் ஒன்று நடந்திருந்தது. ஒரு நாள் காலை நிலையத்து நோட்டில் மழையளவு குறைவாகப் பதிவாகிவிட, கீழே இருந்த ஊருக்கு எச்சரிக்கை போகவில்லை. வெள்ளம் அந்த ஊரை அடித்துப் போனது. தவறான எண்ணை எழுதியது யார்? அத்தானுக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெண்தான். அவள் எழுதியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

3

ஒரு சனிக்கிழமை, பெயர்கள் ஓடி முடிந்ததும், திரையின் அடியில் ஒரு வரி ஊர்ந்தது: வரும் முதல் தேதியிலிருந்து இந்தச் சேனல் உங்கள் பகுதியில் கிடைக்காது.

தொடர் முடிய இன்னும் ஆறு வாரம். முதல் தேதிக்கு நான்கு வாரம்.

திங்களன்று கேபிள் அலுவலகத்துக்குப் போனார். வயர்ச் சுருள்களுக்கும், செங்கல் போல அடுக்கிய பழைய பெட்டிகளுக்கும் நடுவே ஒரு பெண் இருந்தாள்.

"எங்க கையில இல்லை சார். ஒரு ஏரியாவுல இருபத்தஞ்சு வீடாவது கேட்டாத்தான் மேல பேச முடியும்."

"இப்ப எத்தனை வீடு?"

அவள் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ரெண்டு. உங்களைச் சேர்த்து."

"இன்னொருத்தர் யாரு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது சார்."

வீட்டுக்கு வந்தார். சேனல் போகிறதே என்ற கவலை வழியில் எங்கோ இறங்கிவிட்டிருந்தது. "இன்னொருத்தர் இருக்கார்" என்றார் அக்காவிடம்.

"யாரு?"

"தெரியலையே! அதான் விஷயம்."

[என் முதல் படியில், பேச ஆளில்லாத ஏக்கத்தில் அவர் அந்த இன்னொருவரைத் தேடிப் போவதாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது கோபம் வந்துவிட்டது. "நான் என்ன பட்டினி கிடக்கறவனா? ருசி தெரிஞ்சவன். அதே ருசி தெரிஞ்ச இன்னொரு ஆள் நாலு தெரு தள்ளி இருக்கான்னா, 'உனக்கு எப்படி இருந்துச்சு?'ன்னு கேக்கத் தோணாதா?" என்றார். தோணும். திருத்திவிட்டேன்.]

4

"நீ எழுத்தாளன்தானே, ஒரு விண்ணப்பம் எழுது" என்றார் அத்தான்.

எழுதினேன்: "இரைச்சல் மிகுந்த இக்காலத்தில், மௌனத்தின் கடைசிச் சுடரை அணைத்துவிடாதீர்கள்—"

"எந்தச் சுடர்? நமக்கு வேண்டியது ஆறு வாரம். அதைக் கேளு."

மூன்று வரியில் கேட்டேன். கையெழுத்து வாங்க இருவரும் தெருத் தெருவாக இறங்கினோம். வாசலில் அத்தான் கேட்கும் முதல் கேள்வி "நீங்க இருநூத்திப் பதினாலு பாப்பீங்களா?" என்பதுதான். "அது சமையல் சேனலா?" என்றார் ஓர் அம்மா. தையற்கடைக்காரர் படிக்காமலே போட்டுக் கொடுத்தார். ஒருவர் மட்டும், ஓய்வு பெற்ற கணக்காசிரியர், கதவில் சாய்ந்துகொண்டு தொலைக்காட்சி மனிதனை எப்படிக் கெடுக்கிறது என்று கால் மணி நேரம் பாடம் நடத்திவிட்டு முடியாது என்றார். அத்தான் எதிர்த்துப் பேசவே இல்லை. கண் கொட்டாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவுக்கு வந்ததும் சொன்னார்: "கீழ்வரிசை நான் செஞ்சது மாப்ளே. அந்தக் கோரைப்பல்லை மூணு தடவை திருத்தினேன். நான் கட்டின பல்லை வெச்சே எனக்கு இல்லைன்னுட்டார்."

"சொல்லியிருக்கலாமே அத்தான்?"

"சொன்னா போட்டிருப்பார். அது எதுக்கு? அவ்வளவு வேகமாப் பேசியும் பல்லிடுக்குல விசில் சத்தம் வரலை, கவனிச்சியா?" என்று சிரித்தார். அந்தத் தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

5

மூன்றாவது ஞாயிறு, காலை பதினொரு மணி. தொடரின் மறுஒளிபரப்பு நேரம். ஒரு சந்தில் திரும்பியதும் அத்தான் என் முழங்கையைப் பிடித்தார். ஒரு சன்னலிலிருந்து தொடரின் தொடக்க இசை.

நான் கதவைத் தட்டப் போனேன். தடுத்துவிட்டார். "பாதியில தட்டக் கூடாது."

வெயிலில் முழுதாக ஐம்பது நிமிடம் நின்றோம். பெயர்கள் ஓடும் இசையும் அடங்கிய பிறகுதான் தட்டினார்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய முடி. பார்வை எங்கள் தோளுக்குச் சற்று மேலே எங்கோ நின்றது.

"நீங்கதானே அந்த இன்னொருத்தர்?" என்றார் அவர்.

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும் கேபிள் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். ரெண்டே பேர்னாங்க. சன்னலுக்கு வெளிய யாரோ செருமிக்கிட்டு இருந்தாங்க. பேர் ஓடி முடியற வரைக்கும் தட்டலை. வேற யாரு அப்படி நிப்பா? உள்ள வாங்க. எனக்குக் கண்ணு தெரியாது, சுவிட்சு இடது பக்கம் இருக்கு, உங்களுக்கு வேணும்னா போட்டுக்கோங்க."

ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆப்பரேட்டர். இருபத்தாறு வருட வேலை.

[கண் தெரியாதவரைக் கதைக்குள் கொண்டுவந்தால் அவரை ஞானம் பேச வைப்பது எங்கள் கூட்டத்தின் கெட்ட பழக்கம். அவரே எச்சரித்தார்: "என்னை எழுதறதுன்னா சண்டைக்காரின்னு எழுதுங்க." எழுதிவிட்டேன். அது பொய்யும் இல்லை.]

ஐந்து நிமிடத்தில் சண்டை தொடங்கியது.

"தப்பா எழுதினது அந்தப் பொண்ணுதான்" என்றார் அத்தான். "நான் பாத்தேன். நோட்டு மேல பேனா, கை நகருது."

"அவ அன்னிக்கு எழுதவே இல்லை. மத்த நாளெல்லாம் அவ பேனா கரகரன்னு கேக்கும். அன்னிக்கு மட்டும் சத்தமே கிடையாது."

"கேமரா பொய் சொல்லாதுங்க."

"மைக் மட்டும் சொல்லுமா?"

எனக்கே ஒன்று புரியத் தொடங்கியது. ஆனால் அத்தான் முந்திக்கொண்டார்: "அப்போ... எழுதற மாதிரி நடிச்சிருக்கா."

"யாருக்குக் காட்ட? பக்கத்துல யாரு நின்னா?"

"கதவுகிட்ட பெரிய அதிகாரி. பின்னாலிருந்து வெளிச்சம், முகம் தெரியலை. தொப்பியை வெச்சு சொல்றேன்."

"அவர் இல்லை" என்றார் ஆப்பரேட்டர். "அவர் மூச்சு இழுத்து இழுத்து விடுவார், எனக்குத் தெரியும். அங்க நின்னவன் சத்தமில்லாம மூச்சு விட்டான். அவர் தொப்பியைப் போட்டுக்கிட்டு வேற யாரோ வந்திருக்காங்க."

அத்தான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். முன்கதையாகக் காட்டியதையும் சேர்த்து அந்தக் காட்சியை அவர் ஏழு முறை பார்த்திருக்கிறார்.

6

கையெழுத்து பத்தொன்பதோடு நின்றது. கடைசிச் சனிக்கிழமை ஆப்பரேட்டர் அத்தான் வீட்டுக்கு வந்தார். பெட்டியின் ஒலி வரும் பக்கமாக அக்கா இன்னொரு நாற்காலி போட்டாள். அன்றைக்குத் தொடரில் அந்தப் பெண் மலையிலிருந்து இறங்கக் கிளம்பினாள். மூடுபனி. அதோடு முடிந்தது. முதல் தேதி காலையில் இருநூற்றுப் பதினான்கைப் போட்டால் வெறும் நீலத் திரை.

வேறு வழியில் கிடைக்காதா என்று கேட்பீர்கள். பத்து நாள் தேடினேன். எதுவும் எங்காவது கிடைத்துவிடும் என்பது தேடிப் பார்க்காதவர்களின் நம்பிக்கை.

"மிச்ச ரெண்டு வாரத்தை நீயே எழுதிக் குடேன்" என்றார் அத்தான்.

உண்மையைச் சொன்னால், இதற்காகவே காத்திருந்தேன். மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அந்தப் பெண் ஊர்க்காரர்களிடம் போய் உண்மையைச் சொல்கிறாள். இன்னொன்றில் தொப்பி போட்டு வந்தவன் உதவியாளன் என்று தெரிகிறது. மூன்றாவதில் எதுவும் தெரிவதில்லை, நோட்டின் அந்தப் பக்கம் காற்றில் பறந்து— [அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.]

மூவரையும் உட்கார வைத்து வாசித்தேன்.

"உங்க கதையில யாருமே மூச்சு விடலையே தம்பி" என்றார் ஆப்பரேட்டர்.

"ஒருத்தருக்கும் பல்லும் இல்லை" என்றார் அத்தான், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

அக்கா நேராகவே சொன்னாள்: "டேய், நீ அவங்களைச் சட்டுப்புட்டுன்னு முடிச்சு அனுப்பப் பாக்கறே. இங்க யாரு அவங்களைப் போகச் சொன்னா?"

சுருக்கென்றது. இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

7

போனபோது சனிக்கிழமை, மணி நாலே கால். சன்னலில் திரைச்சீலை போட்டிருந்தது. தொலைக்காட்சி ஓடவில்லை. அணைந்த பெட்டியின் முன் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறார். ஆப்பரேட்டர் காதில் விழுவதைச் சொல்கிறார். ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒப்பவில்லை என்றால் அந்த இடத்திலிருந்து மறுபடியும். "அவ வலது பக்கம் திரும்பறா." "இல்லை, சரளைக் கல் சத்தம் இடது பக்கம்." "சரி, இடது பக்கமே திரும்பட்டும்." ஒரு நிமிடக் கதைக்கு அரை மணி ஆகிறது. இதை எழுதும் இன்றைக்கு மூன்று மாதம்; அந்தப் பெண் பாதி மலைகூட இறங்கவில்லை.

நானும் உட்காரட்டுமா என்று கேட்டேன். அத்தான் என்னைப் பிரியமாகத்தான் பார்த்தார்.

"வேண்டாம் மாப்ளே. நீ முடிச்சுடுவே."

ஆகவே முன்னறையில் இருந்து எழுதுகிறேன். என் மூன்று முடிவுகளையும் கிழித்துவிட்டேன். உங்களுக்குத் தர என்னிடம் நான்காவது இல்லை. தொப்பிக்காரன் யாரென்று இந்த வீட்டில் இரண்டு பேருக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். அவர்கள் அவசரப்படவில்லை. நடுவில் ஒரு கதவு. சரியாகச் சாத்தவில்லை.

இப்போது அத்தானின் குரல்: "பனி லேசா விலகுது. கீழ, அந்த ஊர்ப் பக்கமிருந்து யாரோ ஏறி வர்றாங்க."

"வெறுங்கால்ல" என்கிறார் ஆப்பரேட்டர். "ஒரு ஆள் இல்லை. நிறைய பேர்."

பிறகு, இரண்டு வருடமாக அந்தத் தொடரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத என் அக்காவின் குரல்:

"அப்புறம்?"

பதில் வந்தது. மெல்லிய குரலில் வந்ததால் எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் கதவுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே உட்கார்ந்திருந்தால் கேட்டிருக்கும்.