யங் வீதியில் போட்ட அரோகரா

ரொறன்ரோவில் இரண்டாயிரம் பேரை, அதுவும் தமிழ் என்றொரு பாஷை இருப்பதே தெரியாத இரண்டாயிரம் பேரை, ஒரே மூச்சில் “அரோகரா” போட வைத்தவன் இந்த உலகத்தில் தான் ஒருவன்தான் என்று மாமாங்கம் அறிவித்தார். கோயில் திருவிழாவில் என்றாலும் ஒரு பேச்சு. இது யங் வீதியில், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைக் கச்சேரி ஒன்றில், டெலா மே ஃபின்ச் என்ற மகாபாடகி மேடையில் நின்று பாடிக்கொண்டிருக்கும்போது நடந்ததாம்.

சீமோன் வாயில் வைத்த மீன் ரோலை மென்று விழுங்க மறந்துபோய் இருந்தார். துர்க்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். சீமோனின் மனைவி எமில்டா மட்டும், “சீனி காணுமோ, இன்னும் போடவோ?” என்று கேட்டார். மாமாங்கம் கதை சொல்லத் தொடங்கினால் எமில்டா கேட்கிற கேள்வி எப்போதும் அதுதான்.

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில், சீமோன் வீட்டு நிலக்கீழ் அறையான பேஸ்மென்றில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் இந்த நாலு பேரும் கூடுவார்கள். ஆளுக்கொரு சிங்கிள் கொண்டுவர வேண்டும். பக்கத்துக்கு ஒரு பாட்டுப் பதிந்த அந்தக் காலத்துச் சின்ன இசைத்தட்டு. ஊசி தட்டில் இருக்கும்வரை வீடு பற்றி எரிந்தாலும் ஒருவரும் பேசக்கூடாது. ஊசி எழும்பியதும் யுத்தம். அந்த யுத்தத்தில் அமெரிக்காவும் இங்கிலாந்தும் பலமுறை தரைமட்டமாகியிருக்கின்றன. கடைசியில் கை தூக்கி வாக்கெடுப்பு நடக்கும். எல்லோரும் தங்கள் தங்கள் பாட்டுக்கே கை தூக்குவதால் இதுவரை எந்தப் பாட்டும் வென்றதாக வரலாறு இல்லை.

சீமோன் யாழ்ப்பாணத்துக் கரையூர்க்காரர். ரொறன்ரோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். றொக் என்றால் உயிர். துர்க்கா வோபர்னில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். காலம் முழுக்க மற்றவர்களின் வாயைத் திறக்கவைத்தே பழகியதால், ஓய்வுக்குப் பிறகு ஒருவரின் வாயையும் திறக்கவிடாமல் தானே பேசினார். அவருக்குச் சோல் தவிர மற்றதெல்லாம் இரைச்சல். மாமாங்கம் மட்டக்களப்பு, அமிர்தகழியில் பிறந்தவர். இப்போது பிக்கரிங்கில் மகள் வீட்டில் இருந்து ரெயின் ஏறி வருகிறார். கதை சொல்ல இடம் விடுகிற பாட்டு எதுவோ, அதுதான் அவருக்கு நல்ல பாட்டு.

அன்றைக்குச் சீமோன் ‘கொப்பர் மைல்ஸ்’ குழுவின் ‘டொக்யார்ட் ரியூஸ்டே’ சிங்கிளைப் போட்டார். ஊசி எழும்பியதும் எழுந்து நின்றே பேசினார்.

“உலகத்தில இதுக்கு மேல ஒரு சிங்கிள் இல்லை. அந்தக் கிற்றார் தொடங்கிற இடத்தில எனக்கு இப்பவும் மயிர் கூச்செறியும்.”

“கூச்செறியிறதுக்கு எங்க அண்ணை இருக்கு?” என்று துர்க்கா அவருடைய தலையைப் பார்த்தார். “மூண்டு நிமிசத்தில ஒரு சீவியத்தையே பாடி முடிக்க வேணும். அதுதான் சிங்கிள். உங்கட ஆக்கள் மூண்டு நிமிசமும் சுருதி சேர்த்துக்கொண்டெல்லோ நிக்கினம்.”

“சோல் எண்டால் மட்டும் என்ன? ஒரு பொம்பிளை அழுவா. பின்னால ஆறு பேர் ட்ரம்பெற் ஊதி அவவை இன்னும் அழப்பண்ணுவாங்கள்.”

“டெலா மே ஃபின்ச்சின்ர ‘மை லாஸ்ட் அம்பிரெல்லா’வைக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ. கேட்டு அழாட்டி நீங்கள் மனிசனே இல்லை.”

இந்த இடத்தில்தான் மாமாங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே நுழைந்து, இரண்டாயிரம் பேரையும் அரோகரா போடவைத்தார்.

சீமோன் கடைசியில் ரோலை விழுங்கினார். “போன மாதம் நயாகராவை நடந்து கடந்தனீர். அதுக்கு முதல் மாதம் ஒரு றொக் குழுவின்ர ட்ரம்காரனுக்கு உடுக்கு அடிக்கப் பழக்கினீர். இப்ப இது.”

“நயாகரா உறைஞ்சு கிடந்தது கா. உறைஞ்சு கிடந்தா ஆரும் நடக்கலாம்.” மாமாங்கம் கையை வீசினார். “ஆனா இது அப்பிடி இல்ல அண்ணே. எழுபத்தாறாம் ஆண்டு. நான் கப்பல்ல வேலை. எங்கட கப்பல் இந்த ரொறன்ரோத் துறைமுகத்துக்குச் சாமான் கொண்டு வந்து நிக்குது. கூட வேலை செஞ்ச அன்ட்ரூ எண்டவன் வா வா எண்டு கூட்டிக்கொண்டு போனான். வாசல்லயே எழுதிப்போட்டிருந்தாங்க, இண்டைக்குக் கச்சேரி பதியிறம் எண்டு. அந்த அம்மா பாடிப் பாடி வந்து ஒரு இடத்தில நிப்பாட்டினா. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினா. நான் போட்டன் ஒரு அரோகரா! பொறகு அவவே அதத் திருப்பிச் சொன்னா. பொறகு மண்டபம் முழுக்கச் சொன்னாங்க.”

“அப்ப அது தட்டில இருக்க வேணுமே,” என்றார் துர்க்கா. சொல்லும்போதே தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்தார். ‘மை லாஸ்ட் அம்பிரெல்லா’ ஆயிரம் இடத்தில் இருந்தது. எல்லாம் ஸ்ரூடியோவில் பாடிய முன்பக்கம். அதே பாட்டை ரொறன்ரோ மேடையில் பதிந்த, தட்டின் பின்பக்கத்தை ஒரு பிள்ளையும் இணையத்தில் ஏற்றவில்லை. துர்க்கா தலையை உயர்த்தினார். “சீமோன் அண்ணை, உங்கட அலுமாரியில அந்தச் சிங்கிள் கிடக்கெல்லோ?”

கிடந்தது. அந்தோனியார் சொரூபத்துக்குக் கீழே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கடையிலிருந்து வந்த பிளாஸ்ரிக் உறை கிழியாமல் கிடந்தது. சீமோன் அப்படிப்பட்ட தட்டுகளைத் தேடித் தேடி வாங்கி, ஒரு நாளும் போடாமல் வைத்திருப்பவர். கிழமைக்கொரு தரம் எமில்டா அந்தோனியாருக்குத் தூசி தட்டும்போது அவற்றுக்கும் சேர்த்துத் தட்டுவார்.

“அது ஊசி படாத தட்டு,” என்றார் சீமோன். “படவும் படாது.”

“கேக்காத தட்டை வச்சுக்கொண்டு என்ன செய்யிறியள்?”

“வச்சிருக்கிறன்.”

அந்தப் பதில் மாமாங்கத்துக்கு மிகுந்த தைரியத்தைக் கொடுத்தது. ஐரோப்பாவின் மன்னர்கள் ஒன்றாக வந்து மண்டியிட்டாலும் சீமோன் அந்த உறையைக் கிழிக்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும். தைரியம் வந்தால் மாமாங்கத்தின் வாய் அவருக்கு முன்னால் ஓடும்.

“போட்டுப் பாருங்க அண்ணே! மண்டபம் முழுக்க அரோகரா போடுறது அதுல இல்லாட்டி, இந்த வீட்டுல நான் இனிக் கதையே சொல்ல மாட்டன். வருவன், பாட்டக் கேப்பன், தேத்தண்ணி குடிப்பன், போயிருவன்.”

சீமோன் திரும்பிப் பார்த்தார். “ஒரு கதையும் சொல்ல மாட்டீர்?”

“சொல்ல மாட்டன்.”

“நயாகரா?”

“இல்ல.”

“கப்பல்ல திமிங்கிலம் வந்த கதை?”

“அதுவும் இல்ல.”

சீமோனின் முகத்தில் நத்தார்ப் பண்டிகை பிறந்தது. “எமில்டா,” என்றார், “அந்தச் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு வாரும்.”

மாமாங்கம் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார்.

அவர் போட்ட அரோகரா மட்டும் உண்மை. அதை அவர் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. டெலா மே ஃபின்ச் பாட்டை நிறுத்தி, வாத்தியங்களெல்லாம் ஓய்ந்து, மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே மெதுவாக உயர்த்தியபோது, மண்டபத்தில் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீபம் உயர்ந்ததும் சனம் போடுகிற அரோகராவுக்குள் பிறந்து வளர்ந்த உடம்பு அது. அதற்கு யங் வீதி தெரியுமா, சோல் தெரியுமா? கைகள் தாமாகக் குவிந்தன. வாய் தானாகத் திறந்தது.

அடுத்த கணம் இரண்டாயிரம் தலைகள் திரும்பின. இருபத்திரண்டு வயது மாமாங்கம் ஓட்டம் பிடித்தார். காலடியில் இருந்தவர்களை மிதித்துக்கொண்டு, கதவைத் தள்ளிக்கொண்டு, துறைமுகம்வரை நிற்காமல் ஓடினார். ஒரு பெண்ணோடு போன அன்ட்ரூ கப்பலுக்குத் திரும்பி வரவேயில்லை. விடிந்ததும் கப்பல் புறப்பட்டுவிட்டது. தான் கதவைத் தாண்டிய பிறகு மண்டபத்தில் என்ன நடந்தது என்று மாமாங்கத்துக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. பாடகி திருப்பிச் சொன்னதும், மண்டபம் முழங்கியதும் அவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்த கைவேலை.

எமில்டா கத்தியோடு வந்தார்.

பிக்கரிங்கில் மகளும் மருமகனும் விடிய வேலைக்கு வெளிக்கிட்டால் இருட்டித்தான் வருவார்கள். பேரப்பிள்ளைகளின் காதுகள் இரண்டும் எந்நேரமும் ஹெட்போனால் அடைத்தே இருக்கும். ஏழு நாளில் மாமாங்கம் வாய் திறந்து, மூன்று பேர் நிமிர்ந்து பார்க்கிற இடம் இந்தப் பேஸ்மென்ற் ஒன்றுதான். அவர்கள் நம்பாமல்தான் பார்க்கிறார்கள். பரவாயில்லை, பார்க்கிறார்களே. அதை ஒரு வாய்ச்சவடாலில் வைத்துத் தோற்கப்போகிறார்.

“பழைய தட்டு அண்ணே,” என்றார் மெதுவாக. “உறையக் கிழிச்சா அதுட மதிப்பெல்லாம் போயிருமே.”

“உம்மட வாய் மூடுறதுக்கு நான் அலுமாரியையே கொளுத்துவன்.”

சீமோன் கத்தி முனையை உறையின் ஓரத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கீறினார். தட்டை விளிம்பில் பிடித்து எடுத்து, பின்பக்கத்தை மேலே வைத்தார். “இரண்டு நாள் கச்சேரியில பதிஞ்சதெண்டு போட்டிருக்கு. தட்டில கிடக்கிறது உம்மட நாளோ தெரியாது,” என்றார் சந்தோஷமாக. ஊசி இறங்கியது. இனி ஒருவரும் பேச முடியாது.

முதலில் கைதட்டல். பிறகு டெலா மே ஃபின்ச். குரல் வந்த மாத்திரத்தில் துர்க்கா கண்ணைத் துடைத்தார். எமில்டா சீனிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். பாட்டு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மாமாங்கம் சீமோனின் முகத்தைப் பார்க்காமல் தட்டு சுற்றுவதையே பார்த்தார். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அமைதி. இந்த இடத்தில்தான் அந்தக் கைகள் உயர்ந்திருக்க வேண்டும்.

“அரோகரா!”

எட்டுத் திக்கும் கிடுகிடுக்கிற குரல். நாலு பேரும் கதிரையில் இருந்தபடியே ஓரங்குலம் எழும்பி இருந்தார்கள்.

பிறகு ஒரு சிரிப்பு. டெலா மே ஃபின்ச் சிரித்தார். இன்னொருக்கால் சொல்லு, கண்ணே என்று இங்கிலீசில் கேட்டார். பதில் இல்லை. எங்கோ ஒரு கதவு அடிபடுகிற சத்தம் கேட்டது. மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் பாடகி தானே முயன்றார். முதல் தரம் கோணலாக வந்தது. இரண்டாம் தரம் அந்தச் சொல்லைப் பிடித்து, இழுத்து, சுருதியில் ஏற்றி, ஒரு தேர் வடம்போலச் சனத்தை நோக்கி எறிந்தார். சனம் பிடித்துக்கொண்டது. இரண்டாயிரம் பேர், அமிர்தகழி எங்கே இருக்கிறது என்று கேட்டால் சந்திரனைக் காட்டக்கூடிய இரண்டாயிரம் பேர், ஒரே மூச்சில் அரோகரா போட்டார்கள். ட்ரம் விழுந்தது. பாட்டு மறுபடி கிளம்பியது.

மாமாங்கம் வாயைத் திறந்தபடி இருந்தார். அவருடைய கைவேலை, அவர் கை படாமலே, அச்சொட்டாக நடந்திருந்தது.

ஊசி எழும்பியது. யுத்தம் தொடங்கியது.

“உது வேற ஆராவது தமிழராய் இருக்கும்,” என்றார் சீமோன்.

“எழுபத்தாறில, யங் வீதியில, சோல் கச்சேரிக்கு?” துர்க்கா இடுப்பில் கை வைத்தார். “அப்ப இந்த ஊரில இருந்த தமிழரை ஒரு வான் வண்டிக்குள்ள ஏத்தியிருக்கலாம் அண்ணை. அதிலயும் அரோகரா போடுறவர் எத்தினை பேர்?”

“குரல் இளசாக் கிடக்கு.”

“அதே குரல்தான்,” என்றார் எமில்டா. “போன கிழமை ரெயின் விட்டிடப்போகுது எண்டு எங்கட படியில நிண்டு கத்தினவர். முன்வீட்டு நாய் இன்னும் வெளியில வரேல்லை.”

சீமோன் மாமாங்கத்தின் பக்கம் திரும்பினார். ஒரு கடைசி வழி அவருக்குத் தெரிந்தது. “அவ்வளவு பெரிய பாட்டுக்காரி இன்னொருக்கால் சொல்லெண்டு கேக்கிறா. நீர் ஏன் பதில் சொல்லேல்லை?”

துர்க்காவும் எமில்டாவும்கூடத் திரும்பினார்கள். நாலு பேர் இருக்கிற அறையில் மூன்று பேரும் தன்னையே பார்ப்பதை மாமாங்கம் ஒரு கணம் அனுபவித்தார். உள்ளங்கால் தொடக்கம் உச்சிவரை ஒரு குளிர்ச்சி ஏறியது.

“நான் அந்த அம்மாவக் கும்பிட்டுக்கொண்டெல்லவா நிண்டன்,” என்றார். “கும்பிடுறது தட்டில கேக்குமா அண்ணே?”

சீமோன் ஊசியைத் தூக்கி அதே தட்டில் மறுபடி வைத்தார். நாலு பேரும் வாய் திறக்காமல் கேட்டார்கள். அரோகரா வந்தது. சிரிப்பு வந்தது. மண்டபம் முழங்கியது. பாட்டு முழுவதும் முடிந்து, தட்டு வெறுமனே சுற்றத் தொடங்கும்வரை சீமோன் அசையவில்லை. பிறகு ஊசியை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

“ஓம்,” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. “நடந்துதான் இருக்கு.”