பிலோமின் ரிப்போர்ட்

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, ரோசரி தன் செல்போனை எடுத்து, ஒரு ஐகானை விரலால் அழுத்திப் பிடித்து நீக்கினாள். 'பிலோமின் ரிப்போர்ட்' என்று பெயர் போட்ட ஐகான். அவள் புருஷன் பிலோமின்ராஜ், சாவதற்கு மூன்று நாள் முன்பு தன் கையால் வைத்தது. தொல்லை விட்டது என்று நினைத்தாள். அழுகை வரவில்லை. அவர் போனதிலிருந்தே அவளுக்கு எதுவும் வரவில்லை. சாப்பாடுகூட மணி பார்த்துத்தான்.

ஆகஸ்டில் பிலோமின்ராஜின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. பயாப்சி எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் ஆகஸ்ட் கடைசி என்றால் வேளாங்கண்ணிக்கு நடக்கிற நேரம். மகள் ஜென்சி குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் புருஷன் இருபது வருஷம் நடந்து வருவார் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டவள் ரோசரி. நேர்ந்தது இவள், நடந்தது அவர். கேட்டால், குடும்பத்துக்கு ஒரு ஆள் நடந்தால் போதாதா என்பாள். பத்தொன்பது வருஷம் முடிந்து ஒன்றே ஒன்றுதான் பாக்கி. நடந்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அவள்தான் சொன்னாள். அவர் தலையாட்டினார். அரியமங்கலம் பட்டறையில் முப்பது வருஷம் லேத் ஓட்டிய மனுஷனுக்கு வீட்டில் மட்டும் சத்தமே வராது.

செப்டம்பரில் திரும்பி வந்ததும் பயாப்சி எடுத்தார்கள். ரிப்போர்ட் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் வரும் என்றார்கள். அன்று சாயங்காலமே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் போனில் குரோமைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போய், மேலே இருந்த மூன்று புள்ளியைத் தொட்டு, ஹோம் ஸ்கிரீனில் சேர்த்து, பெயரையும் தானே அடித்தார்.

"ஒவ்வொரு தடவையும் அட்ரஸ் அடிச்சுக்கிட்டு இருக்க வேணாம் ரோசரி. நான் இல்லாட்டியும் நீ பாக்கணும்ல."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க," என்றாள்.

மூன்றாம் நாள் காலை பல் தேய்க்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மாரடைப்பு. அடக்கம் முடிந்து வந்து பார்த்தால், ரிப்போர்ட் தயார் என்று போனில் செய்தி. அவள் திறக்கவில்லை. தள்ளிப்போட்டதில் கட்டி முற்றிவிட்டது என்று போட்டிருந்தால்? மாரடைப்பு என்று டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், தன் நேர்ச்சைதான் ஆளைத் தின்றது என்று ஆகிவிடும்.

ஐகானை நீக்கியதும் ரிப்போர்ட்டே ஒழிந்தது என்று நம்பிப் பத்து நாள் ஓட்டினாள். தான் வேலை பார்க்கும் காலேஜ் ஆபீஸுக்குப் போனாள், வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டே, ஐகானை எடுத்ததையும் எதற்கு எடுத்தாள் என்பதையும் ஜென்சியிடம் சொன்னாள்.

"அது வெறும் வழிதாம்மா. ரிப்போர்ட் அங்கயேதான் இருக்கு," என்றாள் ஜென்சி.

ரோசரி கையைத் துடைத்தாள். மகள் கேட்டும் போனைக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செய்தியிலிருந்த லிங்க்கைத் தொட்டாள், பக்கம் வந்தது. அப்படியே பார்த்திருக்கலாம். ஆனால் அவள் மூன்று புள்ளியைத் தேடித் தொட்டு, ஹோம் ஸ்கிரீனில் சேர்த்து, 'பிலோமின் ரிப்போர்ட்' என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். ஐகான் வந்து உட்கார்ந்த பிறகு அதைத் தொட்டுத் திறந்தாள். அவர் காட்டிய வழியில்தான் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

இங்கிலீஷில் இருந்ததை ஜென்சி இரண்டு தடவை படித்தாள்.

"கேன்சர் இல்லம்மா. சாதாரண நெறிக்கட்டுதானாம். உன்னால ஒண்ணும் ஆகல." சொல்லும்போதே மகளுக்கு அழுகை வந்துவிட்டது.

ரோசரிக்கு ஆறுதல் வரவில்லை. நடந்து திரும்பிய அன்று, பட்டறையைக் கூட்டாளி வீரமலையிடமே ஒப்படைத்துவிடலாமா என்று அவர் கேட்டது நினைவுக்கு வந்தது. கூடவே நடந்த அந்த வீரமலை, வழியெல்லாம் அவர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்ததாக அடக்கத்தன்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. அப்போது இரண்டையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"முன்னாடியே பாத்திருந்தா," என்றாள் ரோசரி, "பயப்படாம நடந்திருப்பாருடி."