இடிக்கிறவர் பார்த்த ஏழாவது வீடு

என் கணவருக்கு வீடு இடிக்கிற வேலை. இருபத்திரண்டு வருடம் அதைத்தான் செய்தார். பழைய வீட்டை ஒப்பந்தத்துக்கு எடுத்து, கதவு, ஜன்னல், உத்தரம், ஓடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றுவிட்டு, கடைசியில் சுவர்களைத் தள்ளி, காலி மனையாக ஒப்படைப்பார். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இவர் கல்யாணத்தைப் பண்ணிப் பார்த்துவிட்டு வீட்டை இடித்துப் பார்த்தவர்.

அந்த மனிதரை வைத்துக்கொண்டுதான் நாங்கள் பழைய வீடு தேடினோம். குடியிருந்த வீட்டை மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்கள் சேமிப்புக்குப் புது வீடு என்றால் ஒரு சமையலறையும் பாதி ஹாலும்தான் கிடைக்கும். அதனால் நூறு வருடப் பழசாகப் பாழடைந்து கிடக்கிற ஒன்றை வாங்கி, நாங்களே சரிசெய்து குடியேறுவது என்று முடிவு செய்தோம். நாங்கள் என்றால் நான்கு பேர். இவர், நான், ஒன்பதாவது படிக்கிற மகள், என் தம்பி.

தம்பியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றது எதுவும் புரியாது. அவன் பதினைந்து வருடம் இவரோடுதான் வேலை பார்த்தான். கடப்பாரையைத் தொடுவதற்கு முன்னால் இவர் வீடு முழுக்கச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுவரிலும் சாக்பீஸால் எண் போடுவார். ஒன்று என்றால் முதலில் விழவேண்டிய சுவர். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நிற்கிற சுவருக்குக் கடைசி எண். ஆட்கள் அந்த வரிசை மாறாமல் இடிப்பார்கள். போன வருடம் ஒரு வீட்டில் இவர் நான்கு என்று போட்ட சுவர், உண்மையில் கடைசிச் சுவர். பூச்சுக்குள் மறைந்திருந்த ஒரு உத்தரத்தை இவர் கவனிக்கவில்லை. நான்கை இடித்ததும் ஒன்பது சரிந்தது. ஒன்பதுக்குக் கீழே ஜன்னல் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு என் தம்பி போய்க்கொண்டிருந்தான்.

உயிர் பிழைத்தான். வலது கணுக்காலில் கம்பி வைத்திருக்கிறார்கள், கைத்தடியோடு நடக்கிறான். ஆறு மாதத்தில் அவன் இவரிடம் பழையபடி வம்பளக்க ஆரம்பித்துவிட்டான். இவர்தான் அன்றோடு வேலையை விட்டவர். இப்போது நண்பரின் இரும்புக் கடையில் ஆணி எடைபோட்டுக் கொடுக்கிறார். அதில் ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் அரைக் கிலோ ஆணியை மூன்று தடவை நிறுத்துப் பார்க்கிறாராம். கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, எங்களுக்கு வேண்டியது வீடு மட்டும் இல்லை என்று. ஏதாவது ஒரு வீட்டைப் பார்த்து இவர் "இது நிக்கும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மீதி ஆயுசுக்கும் இந்த மனிதர் ஆணியைத்தான் நிறுத்துக்கொண்டிருப்பார்.

ஆறு வீடு பார்த்தோம். ஆறிலும் ஒரே கதை. உள்ளே நுழைந்ததும் விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார், பையிலிருந்து சாக்பீஸை எடுப்பார், எண் போட ஆரம்பிப்பார். "வாங்கப் போற வீட்டுல எதுக்குங்க இடிக்கிற நம்பர்?" என்று கேட்டேன்.

"எதை எடுத்தா எது விழும்னு தெரிஞ்சாத்தானே எது தாங்குதுன்னு தெரியும்? எனக்கு வேற மாதிரி பார்க்கத் தெரியாது" என்றார்.

சரி, பார்க்கட்டும் என்று விட்டால், கடைசி எண்ணுக்கு முன்னால் கை நின்றுவிடும். சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இது நிக்காது. வாங்க போலாம்" என்பார். ஒரு வீட்டில் கூரை சரியில்லை, நியாயம்தான். இன்னொன்று யானையைக் கட்டினாலும் அசையாது, அதுவும் நிக்காதாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மூன்றாவது வீட்டில் இவர் வெளிச்சுவரிலும் எண்ணைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். அதைப் பார்த்த அக்கம்பக்கத்தார், சாலையை அகலப்படுத்தப்போகிறார்கள், தெருவையே இடிக்கப்போகிறார்கள் என்று ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கி, மறுநாள் காலையில் இருபது பேர் எங்களுக்கு வீடு காட்டிய தரகரின் வாசலில் நின்றார்கள். எதைப் பார்த்தாலும் 'ஆஹா' என்பதால் தரகருக்கு என் மகள் ஆஹா என்றே பெயர் வைத்திருந்தாள். அன்றைக்கு மட்டும் அவர் ஆஹா சொல்லவில்லை.

ஏழாவது வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தோம். மாடி வைத்த வீடு. எட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்ததால் கதவைத் திறக்கவே தரகர் தோளைக் கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே நீளமான ஹால், இடதுபக்கம் ஒரு அறை, பின்னால் சமையலறை, நடுவில் மரப்படி. தரையில் பூப்போட்ட ஓடு, பாதி உடைந்திருந்தது. ஜன்னல் வளைவுகளில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி, அதில் இரண்டு இல்லை. சமையலறைக் கதவுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு விரிசல்.

"ஆஹா, அது அந்தக் காலத்து டிசைன் சார்" என்றார் தரகர்.

"ஆமா, கரப்பான் பூச்சி வந்துபோக வழி விட்டிருக்காங்க" என்றான் தம்பி.

மகள் மாடிக்கு ஓடி, அங்கிருந்தே, "இந்த ஜன்னல் ரூம் எனக்கு!" என்று கத்தினாள். எனக்கும் வீடு பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று வெளியே காட்டிக்கொள்ளாமல் சுவரோரமாக நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் தட்டினார், எண் போட்டார். விரிசல் இருந்த சுவருக்கு இரண்டு. மாடிக்குப் போய் ஏழும் எட்டும் போட்டுவிட்டு வந்தார். படிக்கட்டு சாய்ந்திருந்த சுவரிடம் வந்ததும் நின்றார். ஹாலுக்கும் இடதுபக்க அறைக்கும் நடுவே இருக்கிற சுவர் அது. நாலு தடவை சுற்றி வந்தார். தம்பியிடமிருந்து கைத்தடியை வாங்கி மேலே பூச்சைக் குத்தி உதிர்த்து, உள்ளே உத்தரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தார். பத்து வரைக்கும் எண் போட்டாகிவிட்டது. மிச்சம் அந்த ஒரு சுவர்தான். கை உயர்ந்தது, அப்படியே நின்றது. சாக்பீஸ் பைக்குள் போய்விட்டது.

"நிக்காது. வாங்க போலாம்."

நான் பெருமூச்சு விட்டுக்கொண்டு கைப்பையை எடுத்தேன். தம்பி நகரவில்லை. "மாமா, கைத்தடியைக் கொடுங்க" என்றான். வாங்கிக்கொண்டு மெதுவாக நடந்துபோய், அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நம்பர் இல்லாத சுவர் இது ஒண்ணுதான். அப்ப இதுதானே கடைசி? இந்தச் சுவரை ஒட்டின ரூம் எனக்கு."

"எந்திரிடா!"

அப்படி ஒரு சத்தத்தை அந்த மனிதரிடமிருந்து ஒரு வருடமாக நான் கேட்டதில்லை. மாடியிலிருந்து மகள் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"எந்திரிக்க மாட்டேன் மாமா. இந்தக் காலை வெச்சுக்கிட்டு நெனச்சாலும் சட்டுனு எந்திரிக்க முடியாது" என்று தம்பி சிரித்தான்.

இவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"இவன் எப்பவும் இப்படித்தான். கால் போனப்பகூட என்னைத்தான் அழாதீங்கன்னான். நீ சொல்லு. நான் நம்பர் போட்டா நீ நம்புவியா?"

நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். வலிக்காது என்று யாரிடமும் பொய் சொன்னதில்லை, கொஞ்சம் வலிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியைக் குத்துவேன். ஆனால் தம்பி மேல் சுவர் விழுந்த நாளிலிருந்து இவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தேன், இரண்டு பேருக்கும் சமைத்துப் போட்டேன். எவ்வளவு பொறுமை என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். பொறுமையாவது ஒன்றாவது. என் கூடப்பிறந்தவன் மன்னித்துவிட்டான், நான் மன்னிக்கவில்லை. அது இவருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

"கோபம் இருக்கு" என்றேன். "இன்னமும் இருக்கு. அந்த உத்தரத்தை நீங்க பார்த்திருக்கணும்."

தரகர் சத்தமில்லாமல் வாசலுக்குப் போய்விட்டார்.

"பார்த்திருக்கணும்" என்றார் இவர். சாக்கு எதுவும் சொல்லவில்லை.

"இன்னைக்குப் பார்த்தீங்க. நாலு தடவை சுத்தினதையும் பார்த்தேன், பூச்சை உதிர்த்து உள்ள பார்த்ததையும் பார்த்தேன். கோபம் போகும்போது போகட்டும். அதுக்காக உங்களுக்கு வேலை தெரியாதுன்னு நான் சொல்லிட்டேனா? நம்பறேங்க. நம்பர் போடுங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். மறுபடி ஒரு தடவை அறைக்குள் போய் அந்தப் பக்கத்திலிருந்து தட்டினார், படிக்குக் கீழே குனிந்து பார்த்தார், வெளியே வந்தார். தம்பியின் தலைக்கு மேலே பதினொன்று என்று எழுதினார். இரண்டாவது ஒன்று கொஞ்சம் கோணலாகப் போயிற்று.

"ரெண்டாம் நம்பரைப் பிரிச்சுத் திரும்பக் கட்டணும். கூரையில பாதி மாத்தணும். படிக்கு முதல்ல ஒரு கைப்பிடி போடணும், இவன் ஏறி இறங்கணும்ல" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டே போனார். 'நிக்கும்' என்ற வார்த்தையை இன்னும் சொல்லவில்லை. நான் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, எல்லாம் சரி. கையைக் கொடுங்க, எந்திரிக்கணும். தரை சில்லுனு இருக்கு" என்றான் தம்பி.

இவர் கையைக் கொடுக்கவில்லை. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, தானும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"என்னடா அவசரம்? இரு, மெதுவா எந்திரிக்கலாம்" என்றார். "சுவர் எங்கயும் போயிடாது."