நேரில் சொல்லும் சேதி

அப்பாவின் நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டு நிமிர்ந்தாள் கங்கம்மாள் அத்தை.

"இன்னும் எவ்ளோ நேரம்டி வெச்சிருக்கறது? மோளக்காரன் ரெண்டு வாட்டி டீ குடிச்சிட்டான்."

"மேல் வூட்டு சார் வந்துரட்டும் அத்தை" என்றாள் ரஞ்சனி.

"இன்னாடி இது! சொந்தக்காரனுங்க எல்லாம் வந்தாச்சு. அந்தக் கொரியாக்காரன் வந்து கொடி காட்னாத்தான் என் தம்பி கெளம்புவானா?"

பந்தலில் யாரோ சிரித்தார்கள். அப்பா கோதண்டராமனுக்கு எழுபத்திரண்டு வயது. ராத்திரி இரண்டு தோசை சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. நல்ல சாவு என்று மண்ணூரில் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டதால் சிரிப்பதற்கு யாரும் கூச்சப்படவில்லை.

ரஞ்சனியால் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. அப்பாவும் அவளும் பேசிக்கொண்டு பதினோரு மாதம் ஆகியிருந்தது. படப்பையிலிருந்து வந்த மாப்பிள்ளையை அவள் வேண்டாம் என்றாள். "இனிமே எனக்கும் உனக்கும் பேச்சு கெடையாது" என்றார் அவர். பத்து நாள் கோபம் என்றுதான் இருவருமே நினைத்திருப்பார்கள். பதினோராம் நாள் யார் முதலில் பேசுவது என்பதில் சிக்கிக்கொண்டது. அம்மா இருந்திருந்தால் நடுவில் நின்றிருப்பாள். அம்மா போய் ஆறு வருடம். அந்த இடத்துக்கு மாடியில் குடியிருந்த பார்க் வந்து சேர்ந்தார்.

பார்க் ஒரகடத்தில் ஒரு உதிரிபாக ஆலையில் தரம் பார்ப்பவர். வந்தபோது ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. "ஏய் பார்க்கு, சாம்பார்ல உப்பு இல்லன்னு அவகிட்ட சொல்லு" என்பார் அப்பா. பார்க் நான்கு தடவை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டு, சமையலறை வாசலில் நேராக நின்று ஒப்பிப்பார். அர்த்தம் தெரியாததால் எதையும் விடமாட்டார். கனைப்பு, ஏய், கையை உதறுவது எல்லாம் அப்படியே வரும். அவள் சொல்லும் பதிலை அவளுடைய முகவாய் இடிப்போடு கொண்டுபோவார். இப்படி அவர் கற்ற தமிழ் முழுவதும் ஒரு அப்பாவும் மகளும் போட்ட சண்டை. அதை வைத்துக்கொண்டு ஆலையில் பையன்களிடம், "ஏய், துன்னியா?" என்று கேட்பாராம். மொத்த லைனும் அவருக்காக உயிரை விடும் என்று கேள்வி.

நேற்று மாலை அவர் மறுநாள் மதியம்வரை நீளும் பராமரிப்பு வேலைக்காக ஆலைக்குக் கிளம்பியபோது அப்பா கேட் அருகில் அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ரஞ்சனி குளியலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவள் வெளியே வருவதற்குள் வேன் போய்விட்டது. இன்று காலை போனில் அழைத்துச் சொன்னபோது விஷயத்தை இரண்டு தடவை திரும்பச் சொல்லவைத்தார். பிறகு, "அப்பா சொன்னது ஒண்ணு இருக்கு" என்றார்.

"என்ன சார்?"

"போன்ல இல்ல. நேர்ல."

பதினோரு மாதத்துக்கு அப்பா வைத்த முற்றுப்புள்ளி அந்த மனிதரின் வாயில் இருக்கிறது. அதைக் கேட்காமல் எப்படித் தூக்கவிடுவது?

பன்னிரண்டு மணிக்கு வேன் வந்து நின்றது. பார்க் ஷூவைக் கழற்றிவிட்டு, அப்பாவின் காலடியில் தரையில் நெற்றி படும்படி இரண்டு முறை வணங்கினார். பிறகு எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வழக்கம்போலச் சமையலறை வாசலில் நேராக நின்றார். ரஞ்சனி அவசரமாக உள்ளே போய் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டாள்.

பார்க் கனைத்தார்.

அத்தை திடுக்கிட்டுத் தம்பியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏய் பார்க்கு, அவகிட்ட சொல்லு. வண்டி பின் டயர்ல காத்து எறங்கினே கீது. தெனம் நாந்தான் அடிச்சி வெக்கிறேன், மகாராணிக்குத் தெரியாது. இன்னிக்கு மூச்சு வாங்குது, முடியல. அவளையே அடிச்சிக்கினு போவச் சொல்லு. நடுரோட்ல நின்னுக்கினு முழிக்கப் போறா." கையை ஒரு உதறு உதறினார்.

அவ்வளவுதான். ரஞ்சனி காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார், பதிலுக்காக.

"அடிச்சிட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

பார்க் வாசலுக்குப் போனார். அப்பாவிடம் போகவில்லை. அங்கே நின்ற ரஞ்சனியின் ஸ்கூட்டியருகில் குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். திரும்பி வந்து இல்லை என்று தலையாட்டினார்.

"அடிக்கல."

"அடப்பாவி, பொணத்த வெச்சிக்கினு செக்கிங் பண்றான்டி!" என்றாள் அத்தை.

ரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து வராத மற்றதும் கூடவே வந்துவிட்டது. இரண்டையும் முந்தானையால் துடைத்துக்கொண்டு, படிக்கட்டின் கீழிருந்த கால்பம்பை எடுத்து வந்தாள். அதன் மிதி அப்பாவின் செருப்பு பட்டு ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அவள் மிதிக்க ஆரம்பித்தாள். புஸ், புஸ். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கொள்ளி வைக்கவேண்டிய பெரியப்பா மகன் திருமலை, ஈரவேட்டியோடு ஓடி வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டான். மேளக்காரர்களில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் பம்பின் தாளத்துக்கே மெல்லத் தட்டத் தொடங்கினார்.

"ஏன்டி, இன்னும் நாலு மிதி! சாப்பிட்ட ஒடம்புதானே?" என்று அத்தை கத்தினாள்.

பார்க் மறுபடி அழுத்திப் பார்த்தார். ஆலை முத்திரை குத்துபவர்போலத் தலையசைத்தார். போய் அப்பாவின் காதருகே குனிந்தார். என்ன சொன்னார் என்று மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் அவர் முகவாயை ஒரு இடி இடித்துக்கொண்டதை ரஞ்சனி பார்த்தாள்.

தூக்கினார்கள். ஊர்வலம் தெருமுனை திரும்பி, மேளச் சத்தம் நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலில் கரைந்ததும் பெண்கள் வீட்டைக் கழுவத் திரும்பினார்கள். கடைசியாக வந்த கங்கம்மாள் அத்தை, கையில் குடத்தோடு ஸ்கூட்டியருகில் நின்றாள். யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து, பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.