பிரிட்ஜ் மேல் ஏறிய நாலு கிலோமீட்டர்

டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, கோவில்பட்டிக்கு வெளியே ஓர் இன்ஜினியரிங் காலேஜில் லேப் உதவியாளராகச் சேர்ந்திருந்தார் காசிராஜன். கயத்தாறில் ஒருவன் தும்மினால், இங்கே கம்பியைத் தொட்டே அது சளியா, மூக்குப்பொடியா என்று சொல்லிவிடுவாராம். அவர் வாயாலேயே சொன்னது.

லேபில் ஜெயஷீலா ஆராய்ச்சி செய்தாள். நாலு கிலோமீட்டர் கண்ணாடி இழைச் சுருளுக்குள் லேசர் ஒளியை ஓடவிட்டு, மைக்ரோவேவ் சிக்னல் உண்டாக்க வேண்டும். திரையில் அது ஒற்றைப் பனையாட்டம் நிற்க வேண்டும். நின்றது. ஆனால் ஆறு மாசமாக அதன் அடியில் வேலிக்கருவை மாதிரி இரைச்சல் மண்டிக் கிடந்தது. லேசரை மாற்றினாள், பெருக்கியை மாற்றினாள், கருவை சாகவில்லை. இன்று மூன்று மணிக்குத் தேர்வாளர் வருகிறார். இரைச்சலுக்குக் காரணம் சொல்லாவிட்டால் பட்டம் இன்னொரு வருஷம் தள்ளிப்போகும்.

பன்னிரண்டு மணிக்கு கரண்ட் போனது. கருவிகள் மட்டும் யுபிஎஸ் பேட்டரியில் ஓடின.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க! இரைச்சலையே காணும்!"

கரண்ட் வந்தது. மூலையில் தண்ணீர் பாட்டில் வைக்கும் பிரிட்ஜ் உறுமியது. கருவை மறுபடி முளைத்தது.

காசிராஜனின் கண் பிரிட்ஜ் மேல் இருந்த சுருளுக்குப் போனது. ஆறு மாசம் முன்பு, கரிசல் மண் வெடித்துத் தரை கோணி, மேஜை ஆடுகிறதென்று, ஆடாத இடம் தேடிச் சுருளை பிரிட்ஜ் மேல் ஏற்றியவர் அவர்தான். அவள் நன்றி வேறு சொல்லியிருந்தாள்.

"இந்தா வந்துட்டேன்" என்று ஸ்கூட்டரில் பறந்தார். ஒன்பது நிமிஷத்தில் (அவர் கணக்கில் நாலு) மனைவி வெயிலம்மாளின் பருத்தித் தலையணையோடு திரும்பி, சுருளை இறக்கி அதன் மேல் படுக்கவைத்தார். "அதிர்வ இது வாங்கிக்கிடும்" என்று மட்டும் சொன்னார். பனை தனியாக நின்றது.

மூன்று மணிக்கு வந்த தேர்வாளர் ஹரிஹரசுதன் தலையணையைப் பார்த்தார். "அதிர்வா? எங்கிருந்து வந்தது?"

ஜெயஷீலா காசிராஜனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கூட்ஸ் ரயிலுங்க சார்," என்று முந்திக்கொண்டார் காசிராஜன். "அது போனா ஊரே ஆடும். பசுவந்தனையில பானை உருளும்."

"ஆறு மாசமா ராத்திரி பகலாவா ரயில் போகுது? காரணம் தெரியலேன்னா நான் எப்படிம்மா கையெழுத்துப் போட?"

ஜெயஷீலாவின் கண் நிறைந்தது. காசிராஜன் பார்த்தார். சுருளைத் தூக்கி பிரிட்ஜ் மேல் வைத்தார்: கருவை. தலையணையில் வைத்தார்: பனை.

"சார், ஆறு மாசமா அந்த இரைச்சல் நாந்தான்."

தேர்வாளர் சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது. எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"அண்ணாச்சி, உங்கள..." என்று பல்லைக் கடித்தாள் ஜெயஷீலா.

"போளி வாங்கியாரேன் தாயி!" என்று கடம்பூருக்கு ஓடிவிட்டார். போளிக் கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்: "அந்த இரைச்சலக் கண்டுபிடிக்க உலகத்துல ஒருத்தனால முடியல. ஒரு தலையணைய வச்சு நாந்தான் பிடிச்சேன்!"