கூடுவாஞ்சேரியில் ஒரு மாடி அறை

கணவனின் நீலச் சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் எல்லம்மா அதைப் பார்த்தாள். விழுந்துபோயிருந்த இரண்டாவது பட்டனை யாரோ வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள்.

தைத்தது அவள் இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள், நீலத் துணியில் வெள்ளை நூலை ஓட்டுவாளா?

"பட்டன் யார் தெச்சா?"

தாவீது பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கம்பெனில ஒருத்தன்."

"ஆம்பளைங்க ஊசி நூல் வச்சிகினு கீறாங்களா, உங்க கம்பெனில?"

"இன்னாடி கேள்வி இது?" என்று எழுந்து குளிக்கப் போய்விட்டான்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான் தாவீது. கொஞ்ச நாளாக வீட்டுக்கு வர நேரமாகிறது. கேட்டால் டிராபிக் என்கிறான், வண்டி ரிப்பேர் என்கிறான். மீன் வறுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு துண்டு கூடுதலாகக் கேட்கிறான். வீட்டில் அவனுக்குப் பசியே இல்லை.

மகள் கிறிஸ்டினா மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் அவளிடமாவது சொல்லி அழுதிருக்கலாம். அவளோ போலந்தில் படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அவள் விமானம் ஏறிய வாரம் தெருமுனையில் பேனர் கட்டினார்கள். சபையில் எல்லம்மா எழுந்து நின்று, கர்த்தர் செய்த நன்மை என்று கண்ணீரோடு சாட்சி சொன்னாள். இப்போதெல்லாம் அந்தப் பெண்ணும் முகம் காட்டிப் பேசுவதில்லை. நெட் சரியில்லை என்று இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுகிறாள். இருக்கிற கவலையில் எல்லம்மா அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டுக் கிளியம்மாள்தான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"தப்பா நெனச்சிக்காத எல்லம்மா. உன் வூட்டுக்காரரை கூடுவாஞ்சேரில பாத்தேன். பொம்பளைங்க துணிக்கடையில நைட்டி எடுத்துகினு இருந்தாரு. அப்பால மார்க்கெட் பின்னால, மொபைல் கடை மாடிக்கு ஏறிப் போனாரு."

"எனக்குத்தான் எடுத்தாரு" என்றாள் எல்லம்மா. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, அவன் சட்டைப் பைகளை ஒவ்வொன்றாகத் துழாவினாள்.

சனிக்கிழமை அவனுக்கு அரை நாள்தான் வேலை. தாம்பரத்தில் ரயிலேறி கூடுவாஞ்சேரியில் இறங்கினாள். மொபைல் கடைக்கு எதிரே ஒரு ஜூஸ் கடை. வாங்கிய ஜூஸைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தாவீது வந்தான். ஒரு கையில் டிபன் பை, மறு கையில் கொய்யாப்பழம். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு மாடியேறினான். தனக்காக அவன் கொய்யாப்பழம் வாங்கி எத்தனை காலமாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

கொஞ்சம் பொறுத்து அவளும் ஏறினாள். வாசலில் பெண்கள் செருப்பு. கொடியில் புது நைட்டி காய்ந்தது. கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தது கிறிஸ்டினா.

எல்லம்மா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அந்த இன்னொருத்தியைத் தேடினாள். சமையல் மேடை, இரண்டு பாய், ஒரு பெட்டி, அதன் மேல் ஊசி குத்திய வெள்ளை நூல்கண்டு. தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்த தாவீது அரைகுறையாக எழுந்தான். வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தது யார் என்பது அவளுக்கு உறைத்தது.

"நீ... எப்போ வந்த?"

"ரெண்டு மாசம் ஆச்சும்மா."

"ரெண்டு மாசமா?" புருஷன் பக்கம் திரும்பினாள். "பொம்பள வச்சிகினு கீறன்னு நெனச்சி வந்தேன்யா. அதுவா இருந்தாகூடத் தேவல. சண்ட போட்டு முடிச்சிருப்பேன்."

கிறிஸ்டினா சுவரோரம் நின்றபடியே சொன்னாள். அவள் சேர்ந்த கல்லூரிக்கு வெளிநாட்டு மாணவர்களை வைத்துக்கொள்ள இருந்த அனுமதி போய்விட்டது. அனுமதி போனால் விசாவும் போயிற்று. வேறு கல்லூரிக்கு மாற்றல் கேட்டு, புது விசாவை இங்கிருந்துதான் வாங்க வேண்டும். அதுவரை, இங்கே வேலை பார்க்கும் தோழி தீபலட்சுமியின் அறையில் தங்கியிருக்கிறாள்.

"காலேஜுக்கே அனுமதி போச்சா? இல்ல, நீ பெயிலாயிட்டியா?"

"இல்லம்மா."

எல்லம்மாவின் பார்வை மகளின் முகத்திலிருந்து மெல்லக் கீழே இறங்கியது.

"அம்மா, என் வயித்தப் பாக்காத."

தாவீது தட்டைக் கீழே வைத்தான்.

"இதுக்குத்தான் உன்கிட்ட சொல்லல" என்றாள் கிறிஸ்டினா. "தெருவுல பேனர் வச்சீங்க. சபையில சாட்சி சொன்ன. எந்த முகத்தோட அங்க வருவேன்? அப்பா என்னை ஒரு கேள்வி கேக்கல. ஏர்போர்ட்டுக்கு வந்தாரு, கூட்டினு வந்தாரு."

தப்பு செய்தவன் புருஷன் என்று நினைத்து வந்தவள் உட்கார இடம் தேடினாள். பாயில் உட்கார்ந்தாள். பெற்ற பெண் தன் தாய்க்குப் பயந்து பத்து மைல் தள்ளி ஒளிந்திருந்தாள். வெகு நேரம் அழுதுவிட்டு எழுந்தவள், மூலையில் இருந்த பெட்டியை இழுத்தாள்.

"கெளம்பு. வூட்டுக்குப் போலாம்."

"தெருவுல கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும்."

கேட்டார்கள். தெரு திரும்பியதுமே கிளியம்மாள், "இன்னாம்மா கிறிஸ்டினா, லீவா?" என்றாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"லீவு இல்லக்கா" என்றாள் எல்லம்மா. "அந்தக் காலேஜ் போச்சி. வேற காலேஜ் பாத்துகினு கீது."

கிளியம்மாள் தலையை ஆட்டினாள். அவள் கண் கிறிஸ்டினாவின் முகத்திலிருந்து கீழே போனதை எல்லம்மா கவனித்தாள். சற்று முன் தன் கண்ணும் அப்படித்தானே போயிற்று என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. மகளின் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

தெரு பல விதமாகப் பேசியது. ஞாயிற்றுக்கிழமை சபையில் சிலர் ஜெபித்தார்கள், சிலர் ஜெபிக்கிற சாக்கில் விசாரித்தார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு போலந்திலேயே வேறொரு ஊரில் ஒரு கல்லூரி கிறிஸ்டினாவைச் சேர்த்துக்கொண்டது. படித்த செமஸ்டரும் வீணாகவில்லை. விசாவும் வந்தது. இந்த முறை யாரும் பேனர் கட்டவில்லை.

அவளை ஏர்போர்ட்டில் வழியனுப்பிவிட்டு, எதிரே இருந்த திரிசூலம் ஸ்டேஷனில் ரயிலுக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"அவ சொல்லாதன்னா, நீயும் சொல்ல மாட்டியா?" என்றாள் எல்லம்மா. பல தடவை கேட்ட கேள்விதான்.

"அழுதா. நான் இன்னா பண்றது?" என்றான் தாவீது. ஒவ்வொரு முறையும் அதே பதில்தான்.

எல்லம்மாவின் போன் அடித்தது.

"அம்மா, உள்ள வந்துட்டேன். செக்கிங் எல்லாம் முடிஞ்சிடுச்சி."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்லம்மா. மொதல்ல உனக்குத்தான்."

எல்லம்மா ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்தாள். அவன் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு முதலில் கூப்பிடு என்று அவன்தான் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

அவள் கேட்கவில்லை.