அறுபத்தொன்று

கார்த் தானே சாம்பிள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. மைனஸ் முப்பத்தைந்து குளிரில் ஆலை மேலாளர் குழாயடிக்குப் போவானா?

"நோரீன், சீக்கிரம் பாரு. பதினோரு மணிக்கு ரெண்டாவது உலைக்கு எண்ணெயைத் திறந்துவிடறதா மேல சொல்லிட்டேன்."

தார் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெய். முதல் உலையில் ஹைட்ரஜன் ஏற்றி அதிலுள்ள நைட்ரஜனைக் கழற்றுகிறோம். கந்தகம் சொன்ன பேச்சைக் கேட்கும், நைட்ரஜன் லேசில் கேட்காது. பத்து லட்சத்தில் இருபது பங்குக்கு மேல் மிச்சமிருந்தால் அடுத்த உலையின் வினையூக்கி செத்தது. அதை எங்கள் ஆட்கள் நாற்பது பேர் மூன்று வாரம் பனியில் நின்று நிரப்பியிருந்தார்கள்.

கருவி பன்னிரண்டு என்றது. கார்த் சிரித்தான்.

"எத்தனை பாட்டில் கீழ வடிச்ச?" என்றேன்.

"எதுக்கு வடிக்கணும்?"

"சரிதான். மூணு பாட்டில் வடிச்சிட்டு நாலாவதைத்தான் எடுக்கணும். நீ கொண்டு வந்தது நேத்து உலையைக் கழுவ விட்ட டீசல். அது குழாய்லயே நின்னுருக்கு. அதுல நைட்ரஜன் கம்மியாத்தான் இருக்கும்."

நானே போய் மூன்று பாட்டில் வடித்து, நாலாவதைக் கொண்டுவந்தேன். அறுபத்தொன்று.

"பன்னெண்டுன்னே எழுது," என்றான். "வெள்ளிக்கிழமை உன் ஒப்பந்தம் முடியுதுல்ல?"

உடம்பெல்லாம் எரிந்தது. பயமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்தில் என் வீடு இந்த வேலையை நம்பித்தான் ஓடுகிறது. அதற்காக, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் கையெழுத்தா?

எந்தச் சோதனை முடிவையும் வாக்கி-டாக்கியில் வாசிக்க வேண்டும், கட்டுப்பாட்டறை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆலை முழுக்கக் கேட்கும். எடுத்தேன்.

"நோரீன் பேசறேன். நைட்ரஜன் அறுபத்தொண்ணு. திறக்காதீங்க."

"அறுபத்தொண்ணு. திறக்கல," என்றான் கட்டுப்பாட்டறையிலிருந்து கிளெம். அந்த நாற்பது பேரில் அவனும் ஒருவன். "கார்த் இப்பதான் போன்ல பன்னெண்டுன்னு சொன்னானே?"

"அது டீசல்."

வாக்கி-டாக்கியில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு பலர்.

கார்த்தின் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. "நாளைக்கு உனக்கு இங்க வேலை இல்ல."

"நாளைக்குத்தானே? அடுத்த சாம்பிள் இன்னைக்கு மூணு மணிக்கு. அதையும் நான்தான் பாப்பேன், அதையும் இதுலதான் வாசிப்பேன். நகரு, கருவியை மறைக்காத."